பத்தொன்பது பேரும் சிவப்பு

பத்தொன்பது பெயர்களுக்கு நேராகவும் சிவப்புப் பொட்டு. நர்ஸ் ஜெபக்கனி டேப்லெட்டை அணைத்துவிட்டு மறுபடியும் போட்டுப் பார்த்தாள். ஒரு பொட்டும் நிறம் மாறவில்லை. வேப்பங்குளம் துணை சுகாதார நிலையத்தில் அவள் பொறுப்பில் இருந்த கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்றவர்களும் ஒருத்தி பாக்கியில்லாமல் மனச்சோர்வில் விழப்போகிறார்கள் என்று அந்தப் பட்டியல் சொல்லியது. பக்கத்து நிலையத்தில் முப்பது பேரில் ஒரே ஒரு சிவப்பு. அதற்கடுத்ததில் அதுவும் கிடையாது.

ஊருக்கு என்ன வந்துவிட்டது? தண்ணீரில் ஏதோ கலந்திருக்கிறது என்றார்கள் சிலர். காற்றாலை இரைச்சல்தான் காரணம் என்றார்கள் சிலர். மாவட்டத்திலிருந்து ஒரு குழு வந்து தெருக்குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போயிற்று. தண்ணீர் நன்றாக இருக்கிறது, தாராளமாகக் குடிக்கலாம் என்று பதில் வந்தது. காற்றாலைகளும் இருபது வருஷமாக அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருந்தன.

அந்தப் பொட்டுகளைப் போட்டது வில்லை. உள்ளங்கையில் அடங்கும் வட்டமான கருவி. அரசாங்கத் தாளில் அதற்கு ஏழு வார்த்தையில் நீளமான பெயர் உண்டு. ஊர் வாயில் நுழைந்தது வில்லைதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதைப் பெண்ணின் மடியில் வைத்தால், பட்டணத்துப் பெண்மணி ஒருத்தியின் பதமான குரலில் அதுவே பத்துக் கேள்வி கேட்கும். அவள் என்ன சொல்கிறாள் என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. எப்படிச் சொல்கிறாள் என்பதைத்தான் கேட்கும். பேச எவ்வளவு தயங்குகிறாள், சொல் எங்கே தேய்கிறது, மூச்சு எங்கே விழுகிறது என்று அளந்து பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டிவிடும். காகிதத்தில் கேள்வி கேட்ட காலத்தில் எல்லாப் பெண்களும் எல்லாவற்றுக்கும் நல்லபடியாகவே பதில் சொன்னார்கள். அப்படிச் சொன்ன அடுத்த வாரமே சிலர் இல்லாமல் போனார்கள். அதனால்தான் இந்தக் கருவியே வந்தது. சோதித்துப் பார்த்தபோது நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சரியாகச் சொல்லியது என்பதால் அதை எதிர்த்துப் பேச யாருக்கும் வாயில்லை.

விதியை எழுதியவர்களும் கெட்டவர்கள் இல்லை. பயந்தவர்கள். ஒருமுறை சிவப்பு வந்தால் வீட்டாருக்குத் தகவல் போகும். தாயைத் தனியே விடக் கூடாது, பிள்ளையோடும் தனியே விடக் கூடாது. அடுத்தடுத்து இரண்டு சிவப்பு வந்தால் வேன் வரும். தாய் மாவட்டத் தலைநகரில் இருக்கும் அரவணைப்பு இல்லத்தில் இருபத்தோரு நாள் இருக்க வேண்டும், பிள்ளை வேறொரு கட்டடத்தில் செவிலியர் பராமரிப்பில் இருக்கும். பால் மட்டும் பாட்டிலில் போய் வரும். வேப்பங்குளத்திலிருந்து நான்கு பேர் ஏற்கனவே போயாகிவிட்டது. அவர்களில் பவித்ரா என்ற பெண்ணுக்கு ஒன்பதாவது நாளே பால் வற்றிவிட்டது என்று செய்தி வந்தபோது, ஜெபக்கனி அதைப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

இன்றைக்கு ஐந்தாவது ஆள் சண்முகப்பிரியா. பிரசவமாகி இருபத்துமூன்று நாள்தான் ஆகிறது.

ஜெபக்கனி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மேலத்தெருவுக்குப் போனபோது வேன் முன்னாடியே வந்து நின்றிருந்தது. தெருவில் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போக வேண்டிய பெண்கள் போகாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் மாவட்ட அலுவலர் ரெஹானா. இந்தக் கருவியை மாவட்டத்துக்குக் கொண்டுவந்ததே அந்த அம்மாள்தான். ஒரே ஊரில் இத்தனை சிவப்பு என்றதும் நேரில் பார்க்க வந்துவிட்டாள்.

உள்ளே மாமியார் வேலுத்தாய் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். முதல் சிவப்பு வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அரிவாள்மணை இல்லை, கத்தரிக்கோல் இல்லை, குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. எல்லாவற்றையும் வேலுத்தாய் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்ப் போட்டிருந்தாள். பால் குடிக்க மட்டும் பிள்ளையைக் கொடுப்பாள். குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டிருப்பாள். பிடியை விடவே மாட்டாள்.

"எம்மேல கோவப்படாதீக நர்சம்மா," என்றாள். "எம்மருமவ பச்சப்புள்ள மாதிரி. ஆனா மிசினே சொல்லுதே. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா ஊரு என்னையத்தான கேக்கும்?"

சண்முகப்பிரியா கட்டிலில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். காதில் பஞ்சு. நைட்டியின் முன்பக்கம் பால் கசிந்து நனைந்திருந்தது. பிள்ளை சிணுங்கும்போதெல்லாம் அந்த ஈரம் இன்னும் கொஞ்சம் பரவியது. இந்தப் பெண்ணுக்கு இரத்த சோகை என்று மூன்றாம் மாதத்திலிருந்து முருங்கைக்கீரையும் மாத்திரையும் கொடுத்துத் தேற்றியவர்கள் ஜெபக்கனியும் அவளுக்குப் பதிலாக இருந்த நர்சும்தான்.

"மேடம், இன்னொருக்க எடுத்துப் பாத்துருவோமா?" என்று ஜெபக்கனி கேட்டாள். "அதிகாரி முன்னாடி மூணாவது தடவ எடுக்கலாம்னு விதியில இருக்கே."

"எடுங்க," என்றாள் ரெஹானா. "எனக்கும் ஆசைதான். ஆனா சிஸ்டர், இது தப்பா சொல்லி நான் இன்னும் பாக்கல."

ஜெபக்கனி வில்லையை எடுத்துச் சண்முகப்பிரியாவின் மடியில் வைத்தாள். முதல் மூன்று கேள்விக்கு அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. வில்லை கூக், கூக் என்று கூப்பிட்டு ஞாபகப்படுத்தியது. ஜெபக்கனி வழக்கம்போலக் குனியப் போனாள். அதற்குள் நான்காவது கேள்வி வந்துவிட்டது: "காரணமில்லாமல் உங்களுக்குப் பயமோ பதற்றமோ ஏற்படுகிறதா?"

"காரணமில்லாமயா?" என்று சண்முகப்பிரியா காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள். "எம்பிள்ளையப் பிடுங்கிட்டுப் போறதுக்கு வாசல்ல வேன நிறுத்தி வச்சிட்டு, காரணமில்லாம பயமா இருக்கான்னு கேக்கியா? பதினெட்டு நாளா எம்பிள்ள மொகத்த முழுசாப் பாக்க விடலயே! பாலு கட்டி நெஞ்செல்லாம் வலிக்கி. அத்த காலப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருக்காக, நான் என்ன பேயா? தூக்கம் வருதான்னு கேளு. எம்பிள்ளைய எங்கூடப் போடு, இந்தா இப்பவே தூங்குதேன். பசிக்குதான்னு கேளு. பசிக்கி! பத்தியம் பத்தியம்னு பூண்டுக்குழம்பத் தின்னு நாக்கு செத்துப்போச்சு, எனக்கு ஒரு முட்ட பரோட்டா வேணும்!"

தெருவில் யாரோ சிரித்தார்கள். வீட்டுக்குள் யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு சத்தம் உண்டு என்பது அவள் கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து அந்த வீட்டுக்குத் தெரியாது. மீதிக் கேள்விகளுக்கும் அவள் அதே சுருதியில் வாங்கு வாங்கென்று வாங்கினாள். பத்தும் முடிந்ததும் வில்லை ஒரு கணம் யோசித்துப் பச்சை காட்டியது. மஞ்சளின் சாயல்கூட இல்லாத நல்ல பச்சை.

ரெஹானா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அழுதுட்டே கத்துச்சே மேடம், இதுக்கு எப்படிப் பச்ச?" என்றாள் ஜெபக்கனி.

"கோபம் வேற, இது வேற சிஸ்டர். கோபப்படற குரல்ல உசுரு நிறைய இருக்கும். இது தேடறது உசுரு வத்திப்போன குரல." ரெஹானா சண்முகப்பிரியாவைப் பார்த்தாள். "நாலு நாளைக்கு முன்னால இவங்களுக்கு நூத்துக்கு எண்பத்தெட்டு சிவப்பு. நாலு நாள்ல ஒரு குரல் இப்படி மாறாது. மாறவே முடியாது."

வேலுத்தாய் மூக்கைச் சிந்திவிட்டு, "அடி ஆத்தீ, இவளுக்கு இம்புட்டு வாயா!" என்றாள். "நர்சம்மா பதிலு சொல்லும்போதெல்லாம் பொட்டுன்னு ஒரு சத்தம் வராது இவகிட்ட. தலையத்தான் ஆட்டுவா."

"நர்சம்மா பதில் சொல்லும்போதுன்னா?" என்றாள் ரெஹானா.

"இந்த மிசினுக்குத்தான் தாயி. எங்க ஊருல எல்லாருக்கும் நர்சம்மாதான சொல்லும். பச்ச ஒடம்புக்காரி வாயத் தொறந்தா வாயு ஏறிப்போகும்லா? மாசமா இருக்கவளுக மாமியா முன்னாடி என்னத்தப் பேசுவாளுக? இவளுக தலைய ஆட்டுவாளுக, நர்சம்மா அத அழகா எடுத்துச் சொல்லும். ஒரு நாளும் மொகஞ்சுளிச்சது கெடையாது."

பாராட்டாகத்தான் சொன்னாள். ரெஹானா ஜெபக்கனியின் பக்கம் திரும்பினாள்.

ஜெபக்கனிக்கு இதில் கள்ளத்தனம் எதுவும் கிடையாது. தடுப்பூசிக்குப் போனாலும் சர்க்கரைக்குப் போனாலும் இந்தப் பக்கத்துப் பெண்கள் நர்சிடம் தலையசைத்தும் உச்சுக்கொட்டியும்தான் பதில் சொல்வார்கள். அந்தத் தலையசைப்பை வார்த்தையாக்கிப் பதிவதுதான் நல்ல நர்சுக்கு அடையாளம். வில்லை வந்தபோதும் அதையே செய்தாள். மூன்று நிமிஷக் குரல் கிடைக்காவிட்டால் வில்லை கூக் கூக் என்று உயிரை எடுக்கும், பதிவு பாதியில் நிற்கும். அதனால், "தூங்கினீர்களா?" என்று அது கேட்டு, பெண் தலையை ஆட்டினால், ஜெபக்கனி குனிந்து அந்தப் பெண்ணாகவே சொல்வாள்: "நல்லாத் தூங்குதேன். ராத்திரி ரெண்டு தடவ முழிப்பு வரும், மத்தபடி ஒண்ணுமில்ல." பாதியில் நின்ற பதிவு ஒன்றுகூட இல்லாத நிலையம் என்று அவளுக்கு மாவட்டத்தில் பாராட்டுச் சான்றிதழ்கூடக் கொடுத்திருந்தார்கள். அதில் கையெழுத்துப் போட்டிருந்தது ரெஹானா.

"எத்தன பேருக்கு இப்படிச் சொன்னீங்க?"

"எல்லாருக்குந்தான் மேடம்," என்றாள் ஜெபக்கனி. சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "மேடம்... அது யாரு பேசுதான்னு பாக்காதா? ஆளத் தெரியாதா அதுக்கு?"

"தெரியாது. கேள்விய அதே கேக்குது. பதில் சொல்ற குரல் எதுவா இருந்தாலும் அதுதான் தாய்னு எடுத்துக்கும். குரல சேத்து வைக்கவும் கூடாது. குரல வச்சு ஆளக் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு சட்டம், அதனால அளந்ததும் அழிச்சிடும். பத்தொன்பது பேருக்கும் ஒரே தொண்டைன்னு எங்களுக்குத் தெரிய வழியே இல்ல."

நான்கு பேர். ஜெபக்கனியின் கண்முன் வரிசையாக வந்து நின்றார்கள். பவித்ரா வேனில் ஏறும்போது, "அக்கா, நான் நல்லாத்தான இருக்கேன், நீங்க சொல்லுங்களேன்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். மிஷின் சொல்கிறது என்று சொல்லி அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டவள் ஜெபக்கனிதான். அந்தப் பிள்ளைக்கு இனி அந்தப் பால் கிடையாது. பாவி, பாவி என்று தன்னையே தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனால் கை எழும்பவில்லை.

ரெஹானா டேப்பில் ஏதோ பின்னோக்கித் தள்ளிக்கொண்டிருந்தாள். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. தலையை நிமிர்த்தியபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"சிஸ்டர், இந்த நிலையத்துல மூணு மாசத்துக்கு முன்னால வரைக்கும் எல்லாம் பச்சை. அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா மஞ்சளாகி, ஒவ்வொண்ணா சிவப்பாகியிருக்கு. மூணு மாசத்துக்கு முன்னால என்ன ஆச்சு?"

"நான் திரும்ப டியூட்டியில சேந்தேன். அது வரைக்கும் வேற சிஸ்டர் பாத்தாங்க. ஆள் இல்லன்னு பிரசவ லீவ பாதியில முறிச்சு வரச்சொல்லிட்டாங்க."

"உங்க குழந்தைக்கு எத்தன மாசம்?"

"எட்டு."

வேலுத்தாய் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப மிஷின் தப்பா சொல்லல," என்றாள் ரெஹானா. "சரியாத்தான் சொல்லியிருக்கு. இவங்களப் பத்தி இல்ல. உங்களப் பத்தி. இத்தன தடவ சொல்லியிருக்கு."

"எனக்கென்ன மேடம்? நான் நல்லாத்தான இருக்கேன்," என்றாள் ஜெபக்கனி.

அந்த வாக்கியம் வாயைவிட்டு வெளியே வந்ததை அவளே கேட்டாள். மூன்று மாதமாக வீட்டிலும் தெருவிலும் சொல்லிவந்த வாக்கியம்தான். இன்றைக்குத்தான் அது எப்படி ஒலிக்கிறது என்று காதில் விழுந்தது. தண்ணீர் தீர்ந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார்போல இருந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

களைப்பு என்றுதான் நினைத்திருந்தாள். கணவன் ஆல்வினும் டியூட்டி அலுப்பு என்றுதான் சொன்னான். கண்மாய்க் கரையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, எதற்கு நிறுத்தினோம் என்று தெரியாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்ற மத்தியானங்களை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தன் பிள்ளை ஜோவான் அழுதால் அது பக்கத்து வீட்டில் எங்கோ அழுவதுபோலக் கேட்டதையும் சொல்லவில்லை. மற்றவர்களுக்காகப் பத்துக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னவளிடம், அந்தப் பத்தில் ஒன்றைக்கூட யாரும் கேட்டதில்லை.

"ஆனா உங்க பேர் இங்க இருக்கு," என்று ரெஹானா டேப்பைக் காட்டினாள். "பிரசவம் ஆன ஊர்ல அஞ்சு மாசம் வரைக்கும் உங்களையும் எடுத்திருக்காங்க. எல்லாமே பச்சை. ரொம்ப நல்ல பச்சை. அது எப்படி?"

ஜெபக்கனி டேப்பில் தன் பெயரைப் பார்த்தாள். "அங்க இருந்த சிஸ்டர் கலகலன்னு பேசுவாங்க மேடம். நான் ஆஸ்பத்திரியில படுத்துக் கெடந்தப்ப அவங்களே வில்லைய வச்சு, நல்லாத் தூங்குறேன், நல்லாச் சாப்பிடுறேன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் வீட்டுக்கு வந்தப்பவும் அவங்கதான் சொன்னாங்க. நான்..." நிறுத்தினாள். "நான் தலையத்தான் ஆட்டுனேன்."

ரெஹானா நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். மாவட்டத்தில் நானூறு நிலையம். பச்சைப் பச்சையாக நிரம்பியிருக்கும் அந்த வரைபடத்தை மந்திரியிடம் காட்டி அவள் கைதட்டு வாங்கியிருந்தாள். அந்தப் பச்சையெல்லாம் நன்றாகத் தூங்கி எழுந்து டியூட்டிக்கு வந்த நானூறு நர்சுகளின் பச்சை. அதற்கு அடியில் தலையை மட்டும் ஆட்டியவர்கள் எத்தனை ஆயிரம் பேர், அவர்களில் எத்தனை பேர் கண்மாய்க் கரையில் நிற்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. "யா அல்லா," என்றாள் மெல்ல.

வேன் ஓட்டுநர் வாசலில் வந்து நின்று, "மேடம், நேரமாகுது" என்றார்.

ரெஹானா அவரைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். பிறகு ஜெபக்கனியின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "வில்லை பழுதுன்னு எழுதலாம் சிஸ்டர். உங்க பேரே வராது. ஆனா பழுதுன்னா, புது வில்லை வந்து திரும்ப எடுக்கற வரைக்கும் சிவப்பு சிவப்பாவே நிக்கும். மூணு வாரம் ஆகும். இந்தப் பொண்ணு போகணும், அங்க இருக்கற நாலு பேரும் இருக்கணும். மத்தவங்களுக்கு அடுத்த வாரம் இரண்டாவது சிவப்பு. எல்லாத்தையும் இன்னைக்கே அழிக்கணும்னா ஒரு வழிதான் இருக்கு. அது யாரோட குரல்னு நீங்க எழுதிக் கொடுக்கணும்."

"எழுதிக் குடுத்தா?"

"உங்க பேர்ல ஒரு தடவ எடுப்பேன். சிவப்பு வந்தா, ஏற்கனவே வந்த சிவப்பெல்லாம் உங்க கணக்குல சேரும். வேன் உங்க வீட்டுக்குப் போகும். உங்க பையன்..." மீதியை அவள் சொல்லவில்லை.

ஜோவானை வேறொரு கட்டடத்தில் யாரோ தூக்கிவைத்திருப்பதை ஜெபக்கனி நினைத்துப் பார்த்தாள். நெஞ்சு வலிக்கும் என்று எதிர்பார்த்தாள். வலிக்கவில்லை. எதுவுமே தோன்றவில்லை. பெற்ற பிள்ளையைப் பிரிவதை நினைத்தும் தனக்குள் ஒன்றும் அசையவில்லை என்று கண்டபோதுதான் அவள் உண்மையிலேயே நடுங்கிப்போனாள். இந்தக் காலையில் கேட்ட எதுவும் அவளை அப்படி உலுக்கவில்லை.

"தாளக் குடுங்க மேடம்," என்றாள்.

எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கட்டிலில் சண்முகப்பிரியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேலுத்தாய் ஒன்றும் பேசாமல் எழுந்து பேத்தியை மருமகள் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு இரண்டடி தள்ளிப்போய் நின்றுகொண்டாள். பிள்ளை ஆவலோடு பாலைப் பிடித்துக்கொண்டது.

ரெஹானா வில்லையை ஜெபக்கனியின் மடியில் வைத்தாள்.

"கடந்த ஏழு நாளில் நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்களா?"

ஜெபக்கனி வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. எத்தனையோ பெண்களின் மடியருகே குனிந்து அலுக்காமல் சொன்ன பதில், தன் மடியில் வைத்தபோது தொண்டைக்குள்ளேயே நின்றது. அவளையறியாமல் தலை மட்டும் மெதுவாக ஆடியது. வில்லை கூக் என்றது. சற்றுப் பொறுத்து மறுபடியும் கூக் என்றது.

சண்முகப்பிரியா அவள் முகத்தைப் பார்த்தாள். வாசலில் நின்ற வேனைப் பார்த்தாள். பிள்ளையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, பக்கவாட்டில் சாய்ந்து, வில்லையின் மேல் குனிந்தாள்.

"சிரிச்சேனே," என்றாள். தெளிந்த, துடியான குரல். "நேத்துக்கூட எம்பிள்ள..."

ரெஹானா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஜெபக்கனி தன் உள்ளங்கையால் சண்முகப்பிரியாவின் வாயைப் பொத்தினாள். அந்தப் பெண்ணின் மூச்சு கையில் சூடாகப் பட்டது.

"வேண்டாம்டா," என்றாள். "நீ சொல்லாத. இது எனக்குக் கேட்ட கேள்வி."

வில்லை மூன்றாம் முறை கூப்பிட்டது.

"இல்ல," என்றாள் ஜெபக்கனி. "சிரிக்கல. எம்பிள்ளையத் தூக்கிப் பதினோரு நாளாச்சு."